எண்ணூற்றுப் பன்னிரண்டாம் வரியிலிருந்து

டிசம்பர் 3, செவ்வாய்

காலையிலேயே தூறல். துலாவர்ஷம், நம் ஐப்பசி மழை, இன்னும் விட்டபாடில்லை. வலியசாலையில் கணுக்கால் அளவு தண்ணீர். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு போய் பஸ் ஏறினேன்.

திரைப்பட விழா ஆபீஸில் இன்றைய நிலவரம்:
ஈரான் படம் - பிரதியிலேயே சப்டைட்டில் இருக்கிறது. எனக்கு வேலையில்லை.
பிரேசில் - வரிப்பட்டியல் ஃப்ளாப்பியில் வந்திருக்கிறது. ஃப்ளாப்பி திறக்க மாட்டேன் என்கிறது.
கஸாக் - பிரதியே வரவில்லை.
தமிழ் - பிரதி வந்தாயிற்று. சப்டைட்டில் கிடையாது.

நடுவர்களைக் கவனித்துக்கொள்ளும் பிந்து தமிழ்ப் படத்தின் கேசட்டை என் மேஜையில் வைத்தாள். "சாரே, தமிழல்லே. சாருக்கு ஈஸி." தமிழ்தானே என்கிறாள்.

ஐந்தாவது வருடம் எனக்கு. மற்ற பதினோரு மாதம் ட்யூட்டோரியல் காலேஜில் ஆங்கிலம், டிசம்பரில் இது. சப்டைட்டில் இல்லாத படத்துக்குத் திரையின் கீழே ஒரு நீளப் பலகை கட்டுவார்கள். வரிகளெல்லாம் கம்ப்யூட்டரில் வரிசையாக இருக்கும். நடிகர் வாயைத் திறந்ததும் நான் ஒரு தட்டுத் தட்ட வேண்டும். ஒரு தட்டு, ஒரு வரி. இரண்டு வரி பிசகினால் போதும், திருவனந்தபுரத்து ஜனம் கூவியே தியேட்டரை இரண்டாக்கிவிடும்.

இந்தத் தமிழ்ப் படம் போட்டிப் பிரிவுக்குள் வந்த கதை எனக்குத் தெரியும். தேர்வுக் குழு கேசட் பார்த்த அறையில் குறிப்பு எடுத்தவன் நான்தான். ஒரு கேசட்டுக்குக் கால் மணி நேரம், பிறகு வேகமாக ஓட்டிப் பார்ப்பது, பிறகு வடை. ஒரு படத்துக்கு அவர்கள் சொல்லி நான் எழுதிய குறிப்பு: "மெதுவான படம். ஆனால் நல்ல மெதுவு." இதற்கு எழுதியது: "ஒரு தமிழ் இருக்கட்டும்." அவ்வளவுதான். கடைசி வரை யாரும் பார்க்கவில்லை. நானும்தான்.

டைரக்டர் செல்வின், நாகர்கோவில் பையன், முதல் படம். மெலிந்த உடம்பு, பெரிய பை. வீட்டுக்காரி ராஜி கேட்ட புளி வாங்கவில்லை, மறந்துவிட்டேன்.

டிசம்பர் 5, வியாழன்

மழை இல்லை. வரிகள் 884. இரண்டு நாளில் 811 வரை முடித்தேன். செல்வின் தந்த ஒலிநாடாவைக் காதில் மாட்டிக்கொண்டு எழுதுகிறேன். படத்தை ஓட்டி நிறுத்தி எழுத வீடியோ பெட்டி காலியில்லை, தேர்வுக் குழுத் தலைவர் வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்.

முடிவுக்குச் சற்று முன் எட்டு நிமிடம் ஒரே ஆள் பேச்சு. 812 முதல் 870 வரை. ஊருக்கு வடக்கே கழக்கூட்டத்தில் ஃப்ளாட் கட்டும்போது சாரம் அவிழ்ந்து விழுந்து செத்த ஒரு பையனின் அம்மா. நடிகை இல்லை. நிஜமாகவே அந்த அம்மா. பெயர் பேச்சியம்மா, சங்கரன்கோவில் பக்கம், இங்கே வந்து இருபது வருடமாக மைக்காட்டு வேலை, அதாவது சித்தாள்.

சங்கரன்கோவில் பேச்சில் நாலைந்து சொல் பிடிபடவில்லை. காலை ஏழு மணிக்குக் கிள்ளிப்பாலம் முக்குக்குப் போனேன். வேலைக்கு ஆள் கூப்பிட வருகிறவர்களுக்காக அங்கே எல்லோரும் சோற்றுத் தூக்கோடு நிற்பார்கள். பேச்சியம்மா யார் என்று விசாரித்ததும் ஓர் அம்மாள் கூட்டத்திலிருந்து வெளியே வந்தாள். ஐம்பது வயது இருக்கும். தலையில் துண்டு.

கேட்ட சொல்லுக்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொன்னாள். 'உளுத்த கயிறு' என்றால் வெறும் பழைய கயிறு இல்லையாம். வெளியே பார்க்க நல்ல கயிறு மாதிரியே இருக்குமாம், உள்ளே பொடிந்து கிடக்குமாம். அதற்கு இங்கிலீஷில் ஒற்றைச் சொல் இல்லை. இரண்டு வரியாக்க வேண்டும்.

பிறகு அவளாகவே சொன்னாள். "எம்புள்ள இசக்கி குடிச்சிட்டு ஏறினாம்னு காண்ட்ராக்டர் எழுதிக் குடுத்துட்டான் சாரு. ஸ்டேசன்ல அதத்தான் வச்சிருக்காவ. அவன் பீடி கூட குடிக்க மாட்டான். நான் எங்கெல்லாமோ போயிச் சொல்லிப் பாத்தேன். ஒருத்தரும் கேக்கல. இந்தச் செல்வின் தம்பி வந்து, நீங்க பேசுங்க, உலகம் பூரா கேக்கும்னுச்சு. அதுக்காகத்தான் பேசினேன். வேற எதுக்கு எனக்கு சினிமா?"

"எழுதிட்டேன்மா. விடமாட்டேன்" என்றேன்.

"அந்த ஒண்ண மட்டும் சரியா எழுதிருங்க. குடிக்கலங்கிறத."

அந்த வரியின் எண் 846. வீட்டுக்கு வந்து மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். கடைசியில் இருப்பதிலேயே சின்னச் சொற்களாகப் போட்டு எழுதினேன். ராஜியிடம் படித்துக் காட்டினேன். அரிசி களைந்துகொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள். "இதப் படிச்சா வெள்ளக்காராளுக்கும் தொண்டைய அடைக்குமாக்கும்" என்றாள்.

அவள் என் வேலையைப் பாராட்டியது கல்யாணமானதிலிருந்து இது இரண்டாவது தடவை.

டிசம்பர் 7, சனி

விழா நேற்றுத் தொடங்கியது. மந்திரி ஒன்றரை மணி நேரம் லேட். விழாப் புத்தகம் கைக்கு வந்தது. டிரைவர், சமையல், பூ அலங்காரம் எல்லோருக்கும் நன்றி இருக்கிறது. சப்டைட்டிலுக்கு என்று ஒரு வரி இல்லை. இதை ராஜியிடம் சொல்லவில்லை, கேட்டாலும் சொல்லப் போவதில்லை.

நடுவர்கள் ஐந்து பேர். தலைவி ஐரோப்பிய அம்மாள், எழுபது வயதுக்கு மேல், வாழ்நாளில் ஆறு படம்தான் எடுத்தாராம், ஆறும் பெரிதாம். ஒருவர் ஆர்ஜென்டினா. ஒருவர் ஜப்பான். ஒருவர் எகிப்து. நம் நாட்டுக்கு ஒரு பம்பாய்க்காரர், கறுப்புக் கண்ணாடியைத் தியேட்டருக்குள்ளும் கழற்றுவதில்லை. ஐந்து பேருக்கும் தமிழில் ஒரு சொல் தெரியாது. என் பலகைதான் அவர்களுக்குக் காது.

பயிற்சி ஓட்டம் கேட்டேன். தியேட்டர் கிடைக்கவில்லை. பிந்து: "சார் எக்ஸ்பர்ட்டல்லே?"

டிசம்பர் 10, செவ்வாய்

எழுதக் கை வரவில்லை. எழுதாமலும் முடியாது.

பதினொன்றேகால் காட்சி, தம்பானூர் தியேட்டர். கூட்டம் படிக்கட்டு வரை. நடுவே வெள்ளை உறை போட்ட ஐந்து நாற்காலி. நான் பின்னால் மேஜையில். பேச்சியம்மா முதல் வரிசையில், மருமகளோடு.

பிறமொழிப் படமென்றால் நான் திரையையே பார்ப்பதில்லை. ஒவ்வொரு வரியும் தொடங்கும் சத்தத்தைத் தாளில் தமிழில் குறித்து வைத்திருப்பேன். அந்தச் சத்தம் வந்ததும் தட்டுவேன், அடுத்த சத்தத்துக்குப் போவேன். ஐந்து வருடத்தில் ஒரு தடவைகூடத் தப்பியதில்லை. இந்தப் படத்துக்குத் தாள் வேண்டாம் என்று நினைத்தேன். நம் பாஷைதானே. கொழுப்பு, வேறென்ன.

811 வரை ஒரு பிசகும் இல்லை. 406-இல் காண்ட்ராக்டராக நடிப்பவன் போலீஸிடம் சொல்கிறான், பையன் குடித்துவிட்டு ஏறினான் என்று. அது பளிச்சென்று பலகையில் வந்தது. அதை நான் அழகாகத்தான் தட்டினேன்.

பிறகு பேச்சியம்மாள் முகம் திரை முழுக்க. எனக்கு அவள் குரல் மனப்பாடம், ஆனால் முகத்தோடு கேட்பது இதுதான் முதல் தடவை. பேசத் தொடங்கினாள். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். அவ்வளவுதான் நடந்தது. கேட்டுக்கொண்டே இருந்தேன். கை கம்ப்யூட்டர் கட்டையின் மேல் இருந்தது, தட்டவில்லை. எனக்குப் புரிந்துகொண்டிருந்ததால் எல்லோருக்கும் புரிகிறது என்றே மனது நினைத்திருக்கிறது.

தியேட்டரில் ஒருத்தன் கூவவில்லை. கூவியிருந்தால் உடனே விழித்திருப்பேன். எப்படிக் கூவுவார்கள், மலையாளிகளுக்குத் தமிழ் புரியுமே. எல்லோரும் அழுதார்கள். என் பக்கத்தில் ஆபரேட்டர் வாசு மூக்கைச் சிந்தினான். அந்த ஐந்து நாற்காலிக்கு மட்டும்தான் பலகை வேண்டியிருந்தது.

திரைக்குக் கீழே பார்த்தபோது பலகை காலியாக இருந்தது. எந்த வரியில் இருக்கிறோம் என்று தேடினேன். அவசரத்தில் நாலைந்து தடவை தட்டினால் தப்பான வரி ஓடும், அது இன்னும் மோசம். அதற்குள் அவள் பேசி முடித்தாள். 871-க்குத் தாவினேன். மருமகள் கேட்கிறாள்: "கெளம்பலாமா?" அதைத் தட்டினேன்.

எட்டு நிமிடம். ஐம்பத்தொன்பது வரி.

கைதட்டல் ஓயவில்லை. கீழே ஓடிப்போய் செல்வினைத் தனியே இழுத்துச் சொன்னேன். வெளிறிப் போனான். "கொன்னுட்டியளே சார்" என்றான். சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டான். அவன் அடித்திருந்தாலும் வாங்கியிருப்பேன்.

டிசம்பர் 11, புதன்

தூக்கமில்லை. வெயில் நன்றாக அடிக்கிறது, எனக்கென்ன.

காலையில் 812 முதல் 870 வரை இரண்டு பக்கமாக டைப் செய்து ஐந்து பிரதி எடுத்தேன். பிந்து முதலில் "ஜூரிக்கு ஒண்ணும் கொடுக்கான் பாடில்ல சாரே, ரூல் உண்டு" என்றாள். கெஞ்சினேன். ஐம்பத்திரண்டு வயதில் இருபத்தைந்து வயதுப் பெண்ணிடம். மனமிரங்கி, "உச்சைக்கு ஹோட்டல்ல போகும்போ அவங்க ரூம்ல வச்சேக்காம். ஆரோடும் பறயண்டா" என்றாள். மத்தியானம் வைப்பாள், யாரிடமும் மூச்சு விடக் கூடாது என்று தாளை வாங்கிக்கொண்டாள்.

பன்னிரண்டு மணிக்குச் செல்வின் ஓடி வந்தான். நேற்றைய முகம் இல்லை.

"சார், தாள குடுத்துட்டியளா?"

"இன்னும் இல்லே."

"குடுக்காண்டாம்." மூச்சு வாங்கினான். "காலைல ஹோட்டல்ல ஜூரித் தலைவி அம்மா எங்கையப் புடிச்சுக்கிட்டாங்க. கடைசி எட்டு நிமிசத்த மொழிபெயர்க்காம விட்டது எவ்வளவு தைரியம்னாங்க. ஒரு தாயோட துக்கத்துக்கு மொழி வேண்டாம்னு சொல்லாம சொல்லிட்டேனாம்."

"நீ என்ன சொன்னே?"

"சிரிச்சேன்."

"செல்வின், 406 அவா படிச்சாச்சு. குடிச்சிருந்தான்னு படிச்சாச்சு. இல்லேன்னு பேச்சியம்மா சொல்றது இந்தத் தாள்லதான் இருக்கு."

"406 யாருக்கு ஞாபகம் இருக்கும் சார்? இப்பத் தாளக் குடுத்தா, தப்பு நடந்து போச்சுன்னு ஆயிரும். அவார்டு கெடச்சா படம் நாலு ஊருக்குப் போவும். அந்த அம்மாவுக்கும் அதுதானே வேணும்."

வாதமாடத் தெரியாதவன் இல்லை நான். ஆனால் பிந்துவிடம் போய், தாள் வேண்டாம், திருப்பிக் கொடு என்று வாங்கி என் பையில் வைத்துக்கொண்டேன். அவள் ஒரு மாதிரி பார்த்தாள்.

பொய் எழுத இந்த நோட்டு எதற்கு? எனக்கும் அதுதான் சௌகரியமாக இருந்தது. தாள் போனால், எட்டு நிமிடம் கோட்டைவிட்டவன் யார் என்ற பேச்சு வரும். போகாவிட்டால் நான் தப்பே செய்யவில்லை. செல்வின் எனக்கும் சேர்த்துத்தான் சிரித்திருக்கிறான்.

சாயங்காலம் பிரேசில் படம். தாள் பார்த்துத் தட்டினேன். ஒரு பிசகு இல்லை.

டிசம்பர் 13, வெள்ளி

நிறைவு விழா. செல்வின் படத்துக்கு நடுவர் சிறப்புப் பரிசு.

மேடையில் வாசித்த பாராட்டுரையை அப்படியே குறித்துக்கொண்டேன். தமிழில் இப்படி வரும்: "குடிக்கு மகனைப் பறிகொடுத்த ஒரு தாயின் மௌனத்தை, மொழிபெயர்க்காமல் நம்மிடம் விட்ட துணிச்சலுக்காக."

குடிக்கு. 406 ஐந்து பேருக்கும் ஞாபகம் இருந்திருக்கிறது.

செல்வின் மைக்கில் ஆங்கிலத்தில் பேசினான். அந்த இடத்தில் சப்டைட்டில் வேண்டாம் என்பது எடிட்டிங் மேஜையிலேயே எடுத்த முடிவு என்றான். கூசாமல் சொன்னான். பார்த்துக்கொண்டிருந்தபோதே அவனுக்கு அது நிஜமாகிவிட்டது என்று தோன்றியது.

பேச்சியம்மாளையும் மேடைக்குக் கூப்பிட்டார்கள். புது நூல் சேலை, மடிப்புக் கலையாமல். தலைவி அம்மாள் அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதார். மொழிபெயர்க்க என்னை மேலே தள்ளினார்கள். அந்த அம்மாள் ஆங்கிலத்தில் சொன்னது: "உங்கள் முகமே எல்லாவற்றையும் சொல்லிவிட்டது, உங்களுக்கு வார்த்தை தேவையில்லை." நல்ல மனுஷிதான். கண்ணில் நீர் நிஜம்.

நான் பேச்சியம்மாளிடம், "உங்க படம் ரொம்ப மனசத் தொட்டுதுங்கறாங்க" என்றேன்.

பேச்சியம்மா அவர் கையை விடாமல் என்னைப் பார்த்துக் கேட்டாள். "எம்புள்ள குடிக்கலேன்னு இந்த அம்மாவுக்கு வெளங்குச்சா சாரு?"

"வெளங்குச்சு" என்றேன்.

அவள் அழுதுவிட்டாள். இருந்தாற்போலிருந்து அந்த அம்மாளின் காலைத் தொடக் குனிந்தாள். அவர் பதறிப் பிடித்துத் தூக்கினார். போட்டோக்காரர்கள் மொய்த்தார்கள். நான் பக்கவாட்டுப் படி வழியாக இறங்கி வந்துவிட்டேன்.

ராஜி சாப்பாடு வைத்துக்கொண்டே, "என்னன்னா, பேயறைஞ்சாப்ல இருக்கேள்?" என்றாள். தலைவலி என்றேன்.

டிசம்பர் 14, சனி

மலையாளப் பத்திரிகையில் முதல் பக்கப் படம். தலைவியும் பேச்சியம்மாளும். கீழே மூன்று வரி: மதுவுக்கு மகனைப் பலி கொடுத்த தமிழ்த் தொழிலாளியின் மௌனம் உலகை வென்றது.

ட்யூட்டோரியலில் பிரின்சிபல் அதைக் காட்டி, "தமிழன்மாருக்கு கள்ளு விட்டு ஒரு காரியமும் இல்ல, அல்லே" என்று சிரித்தார். நானும் தமிழன் என்பது அவருக்கு மறந்துபோய்விடும், வேஷ்டி ஒன்றுதானே. இரண்டு வகுப்பு எடுத்தேன்.

டிசம்பர் 16, திங்கள்

கிள்ளிப்பாலம் முக்கு, ஏழேகால். போகாமலிருக்க முடியவில்லை.

எனக்கு முன்னாலேயே செய்தி அங்கே போயிருந்தது. பத்திரிகை நாலாக மடித்து அவள் இடுப்பில் இருந்தது. மருமகள் படித்துச் சொன்னாளாம். மேஸ்திரி இன்னொரு தடவை உரக்கப் படித்தாராம்.

"சாரு, இதுல குடின்னு போட்டிருக்காம்லா" என்றாள். கோபம் இல்லை, குழப்பம்தான். "நான் பேசினதுக்கு அப்பறமுமா?"

சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும். பலகை, கட்டை, ஐம்பத்தொன்பது வரி. அவளுக்குப் புரிய இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. "நீங்க பேசினது அந்த அஞ்சு பேருக்குப் போய்ச் சேரல. சேர்க்கறது என் கையில இருந்துது. நான் கேட்டுண்டே இருந்துட்டேன்."

தூக்கை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினாள்.

"நீங்க கேட்டு என்ன செய்ய?" என்றாள். "ஒங்களுக்குத்தான் முன்னமே தெரியுமே."

இடுப்பிலிருந்த பத்திரிகையைத் தொட்டுக்கொண்டாள்.

"மேடையில கேட்டனே. வெளங்குச்சுன்னியளே."

"பொய் சொன்னேன்மா."

லாரி ஒன்று வந்து நின்றது, ஆறு பேர் வேண்டுமாம். எல்லோரும் ஓடினார்கள். அவளும் போனாள். பின்பலகையில் கை வைத்து ஏறப் போனவள் திரும்பினாள். "அடுத்த ஊருக்குப் படம் போவும்போது தட்டிருவீயள்லா?"

"தட்டிடுவோம்" என்றேன்.

டிசம்பர் 22, ஞாயிறு

செல்வினிடமிருந்து மின்னஞ்சல். படத்தை மூன்று வெளிநாட்டு விழாக்கள் கேட்டிருக்கின்றன. ஒன்று மிகப் பெரியது. இனிமேல் பிரதியிலேயே சப்டைட்டில் அடித்துவிடப் போகிறார்களாம், செலவை அந்த விழாவே ஏற்கிறதாம். வரிப்பட்டியல் வேண்டும். கடைசியில் இப்படி: "812-870 எடுத்துட்டு அனுப்புங்க சார். திருவனந்தபுரத்தில் எப்படி இருந்ததோ அப்படியே அவங்களுக்கு வேணும்."

அடித்துவிட்டால் பிறகு மாற்ற முடியாது. எந்த ஊரில் எப்போது ஓடினாலும் அப்படித்தான்.

டெலிபோன் செய்தேன். தட்டிவிடுவோம் என்று பேச்சியம்மாளிடம் சொன்னதைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டான், அதற்கு நன்றி சொல்ல வேண்டும். "சார், அந்த வரியெல்லாம் வந்தா இது ஒரு விபத்துக் கேஸுப் படம். வராம இருந்தாத்தான் சினிமா. இது நான் சொல்றதில்ல, அவங்க சொல்றது." பிறகு குரல் தாழ்ந்தது. "தட்டாம விட்டது நீங்கதானே சார். நான் இதுவரைக்கும் வெளிய சொல்லல்ல."

மிரட்டலா என்றால் மிரட்டல் இல்லை. அவனுக்கு அப்படிப் பேச வராது. இருந்தாலும் என் காது குறுகுறுத்தது.

டிசம்பர் 23, திங்கள்

ட்யூட்டோரியலுக்கு லீவு சொல்லிவிட்டு இன்டர்நெட் கடை. பட்டியலைத் திறந்தேன். 812. எடுத்தேன். 813, 814. உளுத்த கயிறு இரண்டு வரி, எடுத்தேன். மொத்தமாக வளைத்து ஒரே அழுத்தில் அழித்திருக்கலாம், செய்யவில்லை. ஒவ்வொன்றாகப் படித்து எடுத்தேன். ஒரு மணி நேரம் ஆயிற்று. என் வாழ்க்கையில் இதைவிட நல்ல இங்கிலீஷ் நான் எழுதியதில்லை.

846 வந்தது, பையன் குடிக்கவில்லை என்கிற வரி. அதை மட்டும் விட்டேன். எட்டு நிமிட மௌனத்துக்கு நடுவே ஒரே ஒரு வரி. அவ்வளவு வெறுமைக்குள் அது தனியாக வந்தால், படிக்கிறவன் அதை விடவே மாட்டான். இத்தனை நாளில் நான் செய்த ஒரே உருப்படியான காரியம் என்று நினைத்துக்கொண்டேன்.

847 முதல் 870 வரை மீதி இருபத்து நாலு வரியும் போயின. அனுப்பினேன். வீட்டுக்கு வரும் வழியில் ராஜிக்குப் பூ வாங்கினேன். காரணம் கேட்டாள். மலிவாகக் கிடைத்தது என்றேன்.

டிசம்பர் 26, வியாழன்

வெயில். கிணற்று மோட்டார் ரிப்பேர். மத்தியானம் செல்வின் கூப்பிட்டான், சென்னை லேபிலிருந்து. பின்னால் மெஷின் ஓடும் சத்தம்.

"சார், பட்டியல் சரியா வந்துச்சு. அடிச்சு முடிச்சாச்சு. நடுவுல ஒரு வரி மட்டும் எடுக்காம விட்டுப் போயிருந்துச்சு, எண்ணூத்தி நாப்பத்தாறு. உங்களக் கூப்பிட்டுத் தொந்தரவு பண்ணாண்டாம்னு நானே எடுத்துட்டேன்."